வந்து போறதுக்கு ஒரு பேப்பர்

போன கிழமை முழுக்க நான் கடிதம்தான் எழுதினனான். என்ர கடிதம் ஒண்டு, மிச்சமெல்லாம் மற்றாக்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினது. எல்லாம் கனடாவில இருக்கிற எங்கட ஐயாவின்ர பீஆர் (நிரந்தர வதிவிடம்) கேஸுக்கு. ஐயா எண்டா என்ர அப்பாவும் இல்லை, கோயில் ஐயரும் இல்லை, எங்களுக்குத் தேவாரமும் தியானமும் சொல்லித் தந்த ஒரு துறவி. காவி கட்டுறேல்ல, ஆச்சிரமம் எண்டு ஒண்டும் இல்லை, வெள்ளை வேட்டியும் ஒரு சால்வையும்தான். அவரை சாமி எண்டு கூப்பிட்டா அவருக்குப் பிடிக்காது, அதால எல்லாருக்கும் ஐயாதான்.

எனக்கு அவரைத் தெரிய வந்தது 2009ல. கடைசிச் சண்டையில முல்லைத்தீவு மாத்தளனால வெளிய வந்து, செட்டிகுளம் மெனிக் பாமில ராமநாதன் முகாமில கொண்டுபோய் விட்டவை. எனக்கு அப்ப 14 வயசு. அண்ணா வரேல்ல. அம்மா ஒண்டும் கதைக்கமாட்டா, நான் வாளியும் கொண்டு தண்ணி லைனில நிக்கிறதும் வாறதும்தான். எங்கட தறப்பாளுக்கு நாலு தறப்பாள் தள்ளி ஐயா இருந்தவர், வயசான தாயோட. பின்னேரம் ஆறு மணி போல வெளிய ஒரு சாக்கைப் போட்டு இருந்து தேவாரம் ஒண்டு பாடுவார், சின்னப் பிள்ளையள் போய்ச் சுத்தி இருக்குங்கள், நானும் போனன், வேற போறதுக்கு இடம் இல்லைத்தானே. பாடி முடிய எல்லாரும் கொஞ்ச நேரம் கதைக்காமல் இருக்கோணும். அதுதான் ஆராலயும் ஏலேல்ல. கண்ணை மூடினா எனக்கு ஷெல் சத்தம் கேக்கும், பதுங்குகுழி மண் மணக்கும், நான் எழும்பி ஓடிட்டன். அடுத்த நாள் ஐயா என்னைக் கூப்பிட்டு, "மூடாதை பிள்ளை. திறந்துகொண்டே இரு. உந்த மண்ணைப் பார், எறும்பு ஏதும் போகுதோ எண்டு பார், அது காணும்" எண்டு சொன்னவர். அவ்வளவுதான். நான் மூண்டு மாசம் எறும்பு பார்த்தனான். பிறகு ஒரு நாள் தன்ர பாட்டில கண் மூடுப்பட்டுது, சத்தம் கேக்கேல்ல.

இதை ஏன் இவ்வளவு விரிவா எழுதுறன் எண்டா, இதைத்தான் நான் கடிதத்தில எழுதியிருக்கோணும், ஆனா முதல் எழுதின கடிதத்தில இது ஒரு சொல்லும் இல்லை. அதுக்குப் பிறகு வாறன்.

ஐயா கனடாவுக்குப் போனது 2017ல. ஸ்காபரோவில இருக்கிற எங்கட பக்கத்துச் சனம் கொஞ்சப் பேர் சேர்ந்து கூப்பிட்டவை, ஆறு மாசம் நிண்டு பிள்ளையளுக்குத் தேவாரமும் பெரியாக்களுக்குத் தியானமும் சொல்லிக் குடுத்திட்டு வாறதெண்டுதான் கதை. கனடாவில சமயக் கடமை செய்யிறாக்கள் வேர்க் பெர்மிட் இல்லாமலே அந்த வேலையைச் செய்யலாம், சட்டத்தில அப்பிடி ஒரு இடம் இருக்கு, ஆனா அவையும் விசிட்டர் மாதிரித்தான், தவணை முடிய முடிய நீட்டோணும். நீட்டி நீட்டிப் போச்சுது. பிறகு கொரோனா. அதோட கூப்பிட்ட ஆக்களுக்குள்ள ஏதோ பிரிவினை, கடிதம் குடுக்க வேண்டியவை குடுக்கேல்ல, ஸ்டேட்டஸ் போயிட்டுது. அந்தக் கதையை நான் இதில இழுக்கேல்ல, எனக்கு முழுசாத் தெரியவும் தெரியாது, அவையிலயும் நல்ல சனம் இருக்குது.

அந்த நேரம் ஒராள் ஐயாட்ட வந்து அகதிக் கோரிக்கை போடுங்கோ, கதை ஒண்டு நான் சோடிச்சுத் தாறன் எண்டு சொன்னவராம். எங்கட சனம் அகதி கேட்டது பொய்யெண்டு நான் சொல்ல வரேல்ல, 2010ல சன் சீ கப்பலில 492 பேர் போய் இறங்கினவை, அதில எங்கட வன்னிச் சனமும் இருந்தது, அவையின்ர காயம் எல்லாம் உண்மைக் காயம். ஆனா ஐயாவுக்கு அப்பிடி ஒரு தனிப்பட்ட பயமுறுத்தல் இல்லை, அவர் அதை ஒத்துக்கொள்ளுறார். "இல்லாத ஒண்டைச் சொல்லி நான் அங்க இருந்தா, பேந்து எந்த வாயால பிள்ளையளுக்குத் தேவாரம் சொல்லிக் குடுக்கிறது" எண்டு கேட்டவர். படிப்பு, வேலை, வயசு பார்த்துப் புள்ளி போட்டு ஆள் எடுக்கிற பொயின்ற்ஸ் முறையிலயும் சரிவராது, 45 வயசு தாண்டினா வயசுக்கு ஒரு புள்ளியும் இல்லை, அவருக்கு 63. அப்ப மிஞ்சினது ஒரே ஒரு வழிதான், மனிதாபிமான அடிப்படையில கேக்கிறது.

இஞ்ச ஊரில இதைச் சொன்னா சனம் கேக்கிற முதல் கேள்வி, அவருக்கு எதுக்குப் பீஆர் எண்டுறதுதான். எங்கட பக்கத்து வீட்டு மாமி நேர கேட்டவ, "துறவி எண்டு சொல்லிக்கொண்டு நிரந்தர வதிவிடம் கேக்கிறாரே, உலகத்தில என்ன நிரந்தரம் எண்டு எங்களுக்குச் சொன்னவர் அவர்தானே" எண்டு. மாமி பகிடிக்குக் கேக்கேல்ல, அவவுக்கு மனம் நொந்துதான் கேட்டவ. இஞ்ச இருந்து படிச்சாக்கள், டொக்டர்மார், ரீச்சர்மார் எண்டு எல்லாரும் போய்க்கொண்டிருக்கினம், இப்ப ஐயாவும் ஒரேயடியாப் போனா நாங்கள் ஆரட்டப் போறது எண்டுறது அந்தக் கேள்விக்குள்ள கிடக்கு. எனக்கும் அதே கோவம் இருந்தது, மறைக்கேல்ல.

என்ர கோவம் போனது 2022ல, ஐயாவின்ர அம்மா முள்ளியவளையில செத்தபோது. 88 வயசு. மெனிக் பாமில அவ எனக்குத் தலை இழுத்து விட்டிருக்கிறா. செத்த வீட்டில நான்தான் போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான், வட்ஸப் வீடியோவில ஐயா. கொள்ளி வைச்சது ஐயாவின்ர தங்கச்சியின்ர மகன். சுடலைக்குப் பொம்பிளையள் போறேல்லத்தானே, படலையடியில நான் போனை அந்தப் பெடியனிட்டக் குடுத்தன், அங்க போய் சிக்னல் அறுந்திட்டுது. பிறகு எடுத்தா ஐயா அப்பிடியே அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அந்திரட்டிக் கிரியைக்கும் வரேலாது. ஏனெண்டா பேப்பர் இல்லாமல் வெளிக்கிட்டா திரும்பிப் போகேலாது, அங்க அவரை நம்பி இருக்கிற சனத்தை அப்பிடியே விட்டுட்டு வரோணும். அப்பதான் எனக்கு விளங்கினது, அந்தப் பேப்பர் அங்க இருக்கிறதுக்கு மட்டுமில்லை, இஞ்ச வந்து போறதுக்கும் அதுதான் வேணும் எண்டு. பீஆர் இருந்தா 5 வருசத்தில 730 நாள் கனடாவில இருந்தாக் காணும் எண்டு சட்டம். 730 நாள் எண்டா ரெண்டு வருசம். கணக்குப் பாருங்கோ, மிச்சம் மூண்டு வருசம் அவர் முள்ளியவளையில இருந்தாலும் ஒருத்தரும் ஒண்டும் கேக்கேலாது. இப்ப ஒரு நாளும் வரேலாமல் இருக்கிறவர் அதுக்குப் பிறகு எத்தினை நாளும் வரலாம். இதை நான் மாமிக்கு ஒரு கொப்பித் தாளில கூட்டிக் கழிச்சுக் காட்டினன், அவ கொஞ்ச நேரம் தாளையே பார்த்திட்டு, "அப்ப எங்க நான் கையெழுத்து வைக்கிறது" எண்டு கேட்டவ.

ஐயாவைச் சம்மதிக்க வைக்கிறதுதான் அதைவிடப் பெரிய பாடு. தாய் செத்து ஒரு வருசத்துக்குப் பிறகுதான் ஓம் எண்டவர். நாங்கள் எவ்வளவு சொன்னாலும் யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமி சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லுவார், எப்பவோ முடிஞ்ச காரியம் எண்டு. நான் ஒரு நாள் போனில அழுதுபோட்டன், ஐயா உங்களுக்கு முடிஞ்சிருக்கும், எங்களுக்கு முடியேல்ல எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு அவர் நெடுக ஒண்டும் கதைக்கேல்ல. அடுத்த கிழமை அங்க படிக்கிற ஒரு அக்காட்ட லோயரைப் பார்க்கலாம் எண்டு சொல்லியிருக்கிறார்.

லோயர் சொன்னதெண்டு அந்த அக்கா எனக்கு விளங்கப்படுத்தினதை எழுதுறன், ஏனெண்டா இதே மாதிரிக் கேஸில ஆருக்கும் இஞ்ச இருந்து கடிதம் எழுத வேண்டி வந்தா உதவும். கனடாக் குடிவரவுச் சட்டத்தில 25ம் பிரிவு எண்டு ஒண்டு இருக்கு, மற்ற வழியெல்லாம் சரிவராத ஒராளுக்கு மனிதாபிமானக் காரணம் இருந்தா அதிகாரி விதிவிலக்குக் குடுக்கலாம். குடுத்துத்தான் ஆகோணும் எண்டு இல்லை, ஒராளின்ர தீர்மானம் அது. எவ்வளவு காலம் அங்க வேர் விட்டிருக்கிறார், சனத்தோட என்ன தொடர்பு, திரும்பிப் போனா என்ன கஸ்டம், பிள்ளையள் ஆரும் பாதிக்கப்படுவினமோ, இதெல்லாம் பார்ப்பினம். விண்ணப்பம் போட்டிட்டன் எண்டு சொல்லி நாடு கடத்துறதை நிப்பாட்டவும் ஏலாது, அந்தப் பயம் முடிவு வரும்வரைக்கும் இருக்கும். மாட்டன் எண்டு சொன்னா அப்பீல் இல்லை, பெடரல் கோர்ட்டில அந்தத் தீர்மானம் நியாயமோ எண்டு பார்க்கச் சொல்லிக் கேக்கலாம், அதுக்கும் கோர்ட் அனுமதி குடுக்கோணும்.

இதில எங்கட ஆக்கள் தெரிஞ்சிருக்க வேண்டிய விசயம், இந்தச் சட்டத்தை எப்பிடி வாசிக்கோணும் எண்டு கனடா உச்ச நீதிமன்றம் சொன்னதே எங்கட பெடியன் ஒராளின்ர வழக்கிலதான். கந்தசாமி வழக்கு எண்டு சொல்லுவினம். வடக்கில இருந்து 2010ல 17 வயசில போன பிள்ளை. அகதிக் கோரிக்கையும் சரிவரேல்ல, மனிதாபிமான விண்ணப்பத்துக்கும் அதிகாரி இல்லை எண்டுட்டார். 2015 மார்கழி 10ம் திகதி, ஏழு நீதிபதியளில அஞ்சு பேர் அந்தப் பிள்ளைக்குச் சார்பாத் தீர்ப்புச் சொல்லி, திரும்பப் பார்க்கச் சொல்லி அனுப்பினவை. ஒவ்வொரு கஸ்டத்தையும் தனித்தனியா எடுத்து இது காணாது அது காணாது எண்டு தள்ளக்கூடாது, எல்லாத்தையும் சேர்த்து ஒரு மனிசனா வைச்சுப் பார்க்கோணும் எண்டதுதான் சாரம். மனக்காயம் எண்டு வைத்திய அறிக்கை இருந்தும் அதை அதிகாரி சரியா எடுக்கேல்ல எண்டும் சொல்லியிருக்கினம். அதைக் கேட்ட அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்ல. எங்கயோ இருக்கிற ஒரு கோர்ட்டில, எங்களைப் பற்றி ஒண்டும் தெரியாத ஆக்கள் இருந்து, எங்கட ஒரு பிள்ளையின்ர மனக்காயத்தை எழுத்துக்கு எழுத்து வாசிச்சிருக்கினம். அப்ப நாங்கள் எழுதிறதையும் ஒராள் வாசிப்பார்.

ஆனா எழுத இருந்தாப் பெரிய சிக்கல் ஒண்டு. நாங்கள் ஐயாவில எவ்வளவு பாசமா இருக்கிறம், வந்தா எப்பிடிப் பார்ப்பம், ஊரே காத்துக்கொண்டு கிடக்கு எண்டு எழுதினா, வாசிக்கிற அதிகாரி என்ன நினைப்பார்? அப்ப இவருக்கு அங்க போக ஒரு கஸ்டமும் இல்லையே, போகட்டுமே எண்டுதானே. சரி எண்டு இஞ்ச ஒண்டும் இல்லை, ஆரும் இல்லை, அவர் வந்தா ரோட்டிலதான் எண்டு எழுதினா அது பொய். பொய் எழுதமாட்டன் எண்டு இருக்கிற ஒராளுக்காக நாங்கள் பொய் எழுதுறதோ. நான் ரெண்டு நாள் பேனையைத் தொடேல்ல.

பிறகு ஒண்டு செய்தன், எல்லாரையும் ஒண்டு கேட்டன். ஐயா அங்க போன பிறகு உங்களுக்கு என்ன செய்தவர்? கேக்கக் கேக்க வந்த கதையளை நான் எதிர்பார்க்கவே இல்லை. விசுவமடுவில ஒரு அக்கா, புருசன் குடியால அழிஞ்சுபோன ஆள், இரவு பத்து மணிக்கு ஐயாவுக்கு மிஸ்கோல் குடுப்பாவாம், அங்க மத்தியானம், ஐயா உடன எடுத்து அந்த மனிசனோடயே கதைப்பாராம், புத்தி ஒண்டும் சொல்லுறேல்லயாம், இண்டைக்கு என்ன சாப்பிட்டனி எண்டு கேப்பாராம். ஒரு தம்பி ஓஎல் பெயிலாகி நஞ்சு குடிக்கப் போனவன், ஐயாவாலதான் இப்ப கிளிநொச்சியில கராஜ் வைச்சிருக்கிறான். அங்காலப் பக்கத்தில, ஸ்காபரோவில, வயோதிபர் இல்லத்தில இருக்கிற எங்கட கிழவியள், மறதி வருத்தத்தில இங்கிலிசு எல்லாம் மறந்து தமிழ் மட்டும் மிஞ்சி, நேர்ஸ்மாரோட ஒரு சொல்லும் கதைக்கேலாமல் இருக்குங்கள், ஐயா ரெண்டு பஸ் மாறி சினோப் பனிக்குள்ள போய் பக்கத்தில இருந்து தேவாரம் பாடுவார், கிழவி கூடச் சேர்ந்து பாடுமாம், தன்ர மகளின்ர பேர் தெரியாத மனிசி முழுப் பாட்டும் பாடுமாம். சண்டைக்குள்ளால வந்து அங்க பேஸ்மென்ற்றில இருக்கிற சனத்துக்கு தங்கட மொழியில, தாங்கள் கண்ட அதே மண்ணைக் கண்ட ஒராளோட கதைக்கிறதுக்கு ஐயாவை விட்டா ஆர் இருக்கினம்? டொக்டரிட்டப் போனா முள்ளிவாய்க்கால் எங்க இருக்கு எண்டதில இருந்து தொடங்கோணும்.

இதைத்தான் எழுதினம். என்ர முதல் கடிதம் இப்ப நினைக்க எனக்குக் கஸ்டமா இருக்கு, அருள்ஒளி வீசும் மகான், ஞானக்கடல் எண்டெல்லாம் ஒரு பக்கம் நிரப்பி அனுப்பியிருந்தன். அந்த அக்கா வொய்ஸ் மெசேஜ் போட்டவ, "தங்கச்சி, வடிவா இருக்கு, ஆனா ஐயா என்ன செய்தவர் எண்டு இதில ஒண்டும் இல்லையே, லோயர் கேக்கிறார்" எண்டு. நீங்கள் ஆர், எப்ப இருந்து தெரியும், நடந்த ஒரு சம்பவம், திகதி, கையெழுத்து, ஐடென்ரிக் காட் கொப்பி, அவ்வளவும் இருந்தாக் காணுமாம். அப்பதான் எறும்பு பார்த்த கதையை எழுதினன். எழுதேக்க 16 வருசத்துக்குப் பிறகு அந்தச் சாக்கு மணம் வந்தது.

பேப்பர் அலுவல் தனிக்கதை. ஐயா பிறந்தது 1962, பிறப்புப் பதிவுத் துண்டு கடைசிச் சண்டையோட போச்சு, இஞ்ச எத்தினையோ பதிவுப் புத்தகமும் அதோட போனது தெரியும்தானே. ஒரு ஒபிஸில இல்லை எண்டு மற்ற ஒபிஸுக்கு அனுப்பி, அங்க இருந்து திரும்ப முதல் ஒபிஸுக்கு அனுப்பி, மூண்டாம் தரம் போகேக்கதான் கொப்பி கிடைச்சது, அதில தேப்பன்ர பேர் ஒரு எழுத்து வேற, பாஸ்போட்டில வேற. ரெண்டு பேரும் ஒராளின்ரதான் எண்டு சத்தியக்கடதாசி முடிச்சு, தமிழில இருந்த கடிதம் எல்லாம் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுத்து, சொந்தக்காரர் மொழிபெயர்க்கக்கூடாது எண்டபடியா என்ர தங்கச்சி இங்கிலிசு ரீச்சரா இருந்தும் கலியாணத்தால ஐயாவின்ர மருமகள் முறை எண்டு அவவை விட்டுட்டம். காசு ஐயா வேண்டமாட்டன் எண்டுட்டார், ஆளுக்குக் கொஞ்சமாச் சேர்த்து மொழிபெயர்ப்புக்குக் குடுத்தம், அதை மட்டும் அவருக்குச் சொல்லேல்ல.

மொத்தம் 23 கடிதம். கடைசிக் கடிதம், கடல்தண்ணியில விளக்கு எரிக்கிற கண்ணகி அம்மன் கோயில் இருக்கிற வற்றாப்பளையில இருந்து ஒரு ஆச்சியின்ரது. காணாமல் போன மகனைத் தேடி 2017 தொடக்கம் ரோட்டோரம் இருந்த அம்மாமாரில ஒராள். ஒவ்வொரு வெள்ளியும் பின்னேரம் அஞ்சு மணிக்கு, அங்க விடிய ஏழரை, ஐயா ஆச்சிக்கு எடுப்பார். மகன் இருக்கிறான் எண்டும் சொல்லமாட்டார், இல்லை எண்டும் சொல்லமாட்டார், ரெண்டு பேருமா மகன்ர பேரைச் சொல்லுவினம், பிறகு போனை வைக்காமல் ரெண்டு பேரும் பத்து நிமிசம் சும்மா இருப்பினம். ஆச்சி சொல்லச் சொல்ல எழுதிப்போட்டு வாசிச்சுக் காட்டினன், எல்லாம் சரி எண்டு போட்டு, "இன்னும் ஒண்டு எழுது பிள்ளை, வைகாசிப் பொங்கலுக்கு ஒருக்கா வந்திட்டுப் போகட்டும், அம்மாளின்ர உப்புத்தண்ணி விளக்கை ரெண்டு பேருமா நிண்டு பாக்கோணும் எண்டு எழுது" எண்டவ.

எனக்குத் தயக்கம். இதை வாசிச்சு அதிகாரி பிழையா எடுத்தா? எழுதாமல் விடுவம் எண்டு நினைச்சன், ஆனா ஆச்சி சொன்னதை நான் வெட்டுறது என்ன நியாயம். அக்காட்ட கேட்டன், அவ லோயரிட்ட கேட்டு ரெண்டு நாளில பதில் போட்டவ, "வந்திட்டுப் போகட்டும் எண்டுதானே ஆச்சி சொல்லுறா, அதை வெட்ட வேண்டாமாம்."

நேற்று காலமை வற்றாப்பளைக்குப் போய் ஜேபிக்கு (சமாதான நீதவான்) முன்னால ஆச்சியின்ர கைநாட்டு வைச்சம். முதல் தரம் மை காணாமல் தெளிவில்லை, ஆச்சி விரலைச் சீலையில துடைச்சுப்போட்டுத் திரும்ப வைச்சவ. பின்னேரம் முல்லைத்தீவில ஸ்கான் பண்ணி அனுப்பிட்டன்.